வீட்டுக்காரருக்குக் கொடுத்த கடன்

சென்னையில் வாடகைக்கு வீடு பிடிக்கிற ஒருவர், பால் காய்ச்சுவதற்கு முன்பே வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவராகி விடுகிறார். வாடகை 20,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம் என்றால் அந்தக் கடன் 2 லட்சம். அதற்கு வட்டி இல்லை, அடமானம் இல்லை, ஜாமீன் இல்லை. இதே 2 லட்சத்தை அந்த வீட்டுக்காரர் வங்கியில் போய்க் கேட்டால் வருமானச் சான்று, சிபில் மதிப்பெண், ஜாமீன் கையெழுத்து என்று நான்கு முறை அலைய விடுவார்கள். வாடகைதாரரோ ஒரு முத்திரைத்தாளை நம்பி, பல நேரங்களில் அதுவும் இல்லாமல், எண்ணிக் கொடுத்துவிடுகிறார்.

இந்தப் பணம் திரும்பி வருவதில் இத்தனை இழுபறி ஏன் என்று கேட்டால், வீட்டுக்காரர்களின் பேராசை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது போதுமான விடையாகத் தெரியவில்லை. நல்ல மனிதர்களும் இழுத்தடிக்கிறார்கள். பொங்கலுக்குக் கரும்பும் பூசணியும் கொடுத்தனுப்பிய வீட்டம்மா, காலி செய்த மறுவாரம் போனை எடுப்பதில்லை. இதை மனிதக் குணத்தில் தேடுவதைவிடப் பணம் இருக்கும் இடத்தில் தேடினால் சீக்கிரம் விளங்கும்.

வீட்டுக்காரர் அந்த 2 லட்சத்தை பீரோவில் வைத்திருப்பதில்லை. மேல்மாடி கட்டியபோது நின்றுபோன கொத்தனார் பாக்கிக்குப் போயிருக்கும். வீட்டுக்கடனில் ஒரு பகுதியை அடைத்திருக்கும். பெண்ணின் கல்யாணத்தில் கரைந்திருக்கும். சென்னைப் புறநகரில் எழுந்த எத்தனையோ மாடி வீடுகளுக்கு வங்கி போட்ட பணத்துக்கு அடுத்தபடியாக முதல் போட்டவர்கள், அந்த மாடியில் குடியேறிய வாடகைதாரர்களே. ஆகவே காலி செய்கிறவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை, அடுத்து வருகிறவரின் பையிலிருந்துதான் வந்தாக வேண்டும். “புது பார்ட்டி வரட்டும் தம்பி, அவங்க குடுத்ததும் அப்படியே உங்க கைக்குத்தான்” என்று சொல்லும் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. தன் நிதி நிலைமையை உள்ளது உள்ளபடி சொல்கிறார். ஆள் சேர்க்கும் சங்கிலித் திட்டம் போலத்தான் இது. புது ஆள் சேரும் வரை எல்லோருக்கும் கிடைக்கும், சேர்வது நின்றால் கடைசியில் இருப்பவருக்கு நிற்கும்.

இந்தச் சங்கிலிக்கு நம்மூரில் ஒரு பஞ்சாங்கமும் உண்டு. ஆடியில் பலர் வீடு மாறுவதில்லை, மார்கழியிலும் மாறுவதில்லை. ஆனி கடைசியில் காலியாகும் வீட்டுக்கு ஆள் அமையாவிட்டால் ஆவணி பிறக்கும் வரை ‘டு-லெட்’ பலகை தொங்கும். காலி செய்தவரின் பணமும் அந்தப் பலகையோடு சேர்ந்து தொங்கும். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது இது பெரிய அளவில் நடந்தது. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் ஐ.டி. ஊழியர்கள் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய வீடுகளைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். பதிலுக்கு வர ஆள் இல்லை. அதுவரை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவந்த வீட்டுக்காரர்கள்கூட அப்போது கையை விரிக்க நேர்ந்தது.

வாடகைதாரரின் பக்கம் கணக்கு இன்னும் மோசம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும். பழைய வீட்டின் சாவியைக் கொடுத்தால்தான் அட்வான்ஸ் பற்றிப் பேச்சே தொடங்கும். நடுவில் உள்ள அந்த ஒன்றிரண்டு மாதத்துக்கு இன்னொரு 2 லட்சம் வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வளையலும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. அந்த நகைக்கடனுக்கு அவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் அதே நாட்களில், அவருடைய 2 லட்சம் இன்னொருவரிடம் வட்டியில்லாமல் இருக்கிறது.

அட்வான்ஸ் பேசும்போது யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு ஒன்று உண்டு. 2 லட்சத்தை 6 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், மாதத்துக்கு 1,000 வரும். ஆக அந்த வீட்டின் உண்மையான வாடகை 20,000 அல்ல, 21,000. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டு கழித்து முழுசாகத் திரும்பிவரும் 2 லட்சத்தால், கொடுத்த நாளில் சுமார் 1,57,000 ரூபாய்க்கு வாங்க முடிந்ததைத்தான் வாங்க முடியும். பழைய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரர் 20,000 வாடகைக்கு வீட்டு வாடகைப்படிச் சலுகை கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆயிரத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

பத்து மாதம் என்ற அளவு எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு, கடைசியில் 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்றது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. ஊர் பாட்டுக்கு ஐந்து, எட்டு, பத்து என்று வாங்கிக்கொண்டிருந்தது. இந்த முரண்பாடு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சட்டம் அனுமதித்ததற்கு மேல் முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர், வாடகைதாரர் வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று சொல்லி அவரை வெளியேற்ற முடியாது என்று 1996-இல், தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில் தீர்ப்பானது. பாக்கிக்கு மேல் தொகை அவரிடமே இருக்கும்போது பாக்கி ஏது என்பது நீதிமன்றத்தின் தர்க்கம்.

வீட்டுக்காரர்கள் ஏன் சட்டத்தை மீறி அவ்வளவு வாங்கினார்கள் என்பதற்கும் அந்தச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது என்பது என் கணிப்பு. வாடகைதாரரை வெளியேற்றும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். மேல்முறையீடு, சீராய்வு என்று ஒரு தலைமுறை கூட ஓடும். மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் தாத்தா காலத்து வாடகையில் பேரன் குடியிருந்த வீடுகளும் கடைகளும் அந்த அச்சத்துக்குத் தீனி போட்டன. நீதிமன்றம் கைகொடுக்காது என்றானபோது வீட்டுக்காரர் தன் பாதுகாப்பை ரொக்கமாகவே வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் இந்த நியாயம் முழுதாக ஒட்டாது. டெல்லியிலும் வழக்குகள் இழுத்தன. அங்கே ஒன்றிரண்டு மாத வாடகையே பொதுவழக்கம். ஹைதராபாத்தில் இரண்டு, மூன்று மாதம். பெங்களூரு நம்மைப் போலவே பத்து மாத ஊர். டெல்லி வாடகைதாரர் சென்னைக்காரரைவிட ஐந்து மடங்கு நாணயமானவர் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அச்சம் தொடங்கி வைத்ததை வழக்கம் பிடித்துக்கொண்டது; பக்கத்து வீட்டுக்காரர் பத்து வாங்குகிறார் என்பதே பிறகு போதுமான காரணமாயிற்று.

பழைய சட்டம் போய், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017 வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆவது பிரிவு நாம் பேசுகிற விஷயத்தை நேராகத் தொடுகிறது: மூன்று மாத வாடகைக்கு மேல் காப்புத்தொகை வாங்குவது சட்டவிரோதம், வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மாத வரம்புக்கு முன்னால், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ற பொருளில் ஒரு விலக்கு நிற்கிறது. பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் வரம்பு விலகிவிடுகிறது. வீடு தேடி அலைந்து களைத்தவர் எந்தப் பத்திரத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? 2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் இதைக் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம் என்று இறுக்கியது. ஆனால் அது மாநிலங்கள் எடுத்துக்கொண்டால்தான் உண்டு.

இரண்டு சட்டங்களும் எவ்வளவு வாங்கலாம், எப்போது கொடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. நடுவில் உள்ள காலம் முழுக்கப் பணம் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. முடிச்சு அங்கேதான் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன், அந்த ஒரு மாதத்துக்குள் நடக்கும் கழித்தல் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

ஒரு நண்பர் காட்டிய கணக்குத் தாள், தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழ் மொத்த அட்வான்ஸ் 1,50,000. ‘கழிவு’ என்று அடிக்கோடிட்டு, பெயின்டிங் 18,000, ஈ.பி. 2,140, பாத்ரூம் குழாய் 1,200, சமையல்கட்டு டைல்ஸ் 4,000, ஆணி ஓட்டை 1,500, பூட்டு 650. டைல்ஸ் என்றால் கிரைண்டர் நின்ற இடத்தில் ஒரு கீறல், கைவிரல் நீளம். ஆணி ஓட்டை மொத்தம் ஐந்து. அதில் இரண்டு தனக்கு முன்பு இருந்தவர் அடித்தவை என்று நண்பர் சத்தியம் செய்கிறார். நிரூபிக்க அவரிடம் படமில்லை. வீட்டுக்காரரும் எந்தக் குழாய்க்கடை பில்லையும் காட்டவில்லை. அவரவர் ஞாபகத்தை அவரவர் வைத்துக்கொண்டு பேசினார்கள். பணம் யார் கையில் இருந்ததோ அவருடைய ஞாபகம் ஜெயித்தது.

இதில் மின்கட்டண பாக்கி நியாயமானது, கேள்வியே இல்லை. தொலைந்துபோன சாவிக்கான பூட்டும் சரி. பெயின்டிங்தான் பெரிய பூசணிக்காய். ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை வண்ணம் பூசுவதற்காகக் கழிக்கப்படும்’ என்ற வரி சென்னை ஒப்பந்தங்களில் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால், வேறு பேச்சு இல்லாதவரை சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பில் வருகின்றன. குழாய்ப் பதிப்பும் மின்கம்பி வேலையும் அவரைச் சேர்ந்தவையே. தண்ணீர்க் குழாயின் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறைப் பழுதுகள் வாடகைதாரர் தலையில். புழங்குவதால் ஏற்படும் இயல்பான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை என்பது புதிய கருத்தும் இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆவது பிரிவிலேயே அதைச் சொல்லிவிட்டது. மனிதர் குடியிருந்த வீடு மனிதர் குடியிருந்தது போலத்தான் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு நூற்று நாற்பது வருஷம் போதவில்லை.

இங்கிலாந்தில் இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பழையதைக் கெடுத்தவரிடம் புதியதன் விலையை வசூலிக்கக் கூடாது என்பது அங்கே காப்புத்தொகைத் தகராறுகளைத் தீர்ப்பவர்கள் பின்பற்றும் விதி. நண்பரின் தாளுக்கு அதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒருமுறை அடித்த பெயின்ட் ஐந்து ஆண்டு தாங்கும் என்று வைத்துக்கொண்டால், நான்கு ஆண்டு குடியிருந்தவரின் குழந்தை சுவர் முழுக்கக் கிரேயானால் கிறுக்கியிருந்தாலும், வீட்டுக்காரர் இழந்தது மிச்சமிருந்த ஓர் ஆண்டைத்தான். 18,000-இல் ஐந்தில் ஒரு பங்கு 3,600. நம்மூரில் அந்தப் பெயின்ட் செலவு முழுதாக ஒருவரிடம் கழிக்கப்பட்டு, பல வீடுகளில் சுவருக்குப் பெயின்டே அடிக்கப்படாமல் அடுத்தவர் குடியேறுகிறார்; அவர் போகும்போது அவரிடமும் ஒரு மாத வாடகை கழியும்.

இங்கிலாந்தும் வேல்ஸும் தேய்மான விதியைப் பேசிக்கொண்டே இருக்கவில்லை. பணம் இருக்கும் இடத்தை மாற்றின. 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ், 2007 ஏப்ரல் முதல், அங்கே வீட்டுக்காரர் வாங்கும் காப்புத்தொகையை அரசு அங்கீகரித்த காப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தே ஆக வேண்டும். இன்றைய விதிப்படி அதற்கு 30 நாள் அவகாசம். தவறினால் அந்தத் தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை வாடகைதாரருக்கு நீதிமன்றம் வாங்கித் தரலாம். தகராறு வந்தால் திட்டத்தின் நடுவர் கட்டணமில்லாமல் தீர்த்துவைக்கிறார். தீர்க்கும்போது அவர் தொடங்கும் இடம் முக்கியம்: நிரூபிக்கப்படும் வரை அது வாடகைதாரரின் பணம். கழிக்க விரும்புகிறவர்தான் படமும் பில்லும் காட்ட வேண்டும். 2019-இல் இங்கிலாந்தில் மட்டும் இன்னொரு சட்டம் வந்து, பெரும்பாலான வீடுகளுக்குக் காப்புத்தொகை ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்கு முப்பது ஆண்டு முன்பே, 1977-இல், வாடகைக் காப்புத்தொகைக்கென ஒரு வாரியத்தை ஏற்படுத்தியது. நான்கு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, வாங்கியது வாரியத்தில் இருக்கும். வாடகைதாரர் காலி செய்துவிட்டுத் தொகையைக் கேட்டால் வாரியம் எதிர்த்தரப்புக்குத் தகவல் அனுப்புகிறது. எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகாவிட்டால் பணம் கேட்டவருக்குப் போய்விடும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது அந்த 14 நாள்தான். அங்கே மௌனமாக இருந்தால் பணம் வாடகைதாரருக்குப் போகிறது. சென்னையில் மௌனமாக இருந்தால் பணம் வீட்டுக்காரரிடமே இருக்கிறது. போனை எடுக்காமல் இருப்பதற்கு இங்கே வாரத்துக்கு வாரம் கூலி கிடைக்கிறது, அங்கே நஷ்டம். அந்த வாரியத்தில் சேரும் வட்டியில் ஒரு பகுதி வாடகைதாரர்களுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்புகளுக்கும் போகிறது.

ஜெர்மனி வேறு வழி கண்டது. அங்கே அரசு வாரியம் இல்லை, வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தன் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்க வாடகைதாரருக்கு உரிமை உண்டு, வட்டியும் அவருக்கே. வீட்டுக்காரர் திவாலானாலும் தனிக் கணக்கில் உள்ள அந்தத் தொகையில் கடன்காரர்கள் கைவைக்க முடியாது. இத்தனை இருந்தும் ஜெர்மனியில் பணம் திரும்ப மாதக்கணக்கில் ஆவது உண்டு, செலவுக் கணக்குகள் முடிய வேண்டும் என்பார்கள். பிரான்ஸ் தாமதத்துக்கு நேரடியாகவே விலை வைத்திருக்கிறது: கெடு தாண்டினால் தொடங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் 10 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். தமிழ்நாட்டுச் சட்டத்தின் ஒரு மாதக் கெடுவுக்குப் பின்னால் இப்படியொரு தானியங்கித் தண்டனை இருந்திருந்தால் கதையே வேறு.

பணத்தை எங்கும் ஒதுக்கி வைக்காமல் சங்கிலியை அதன் எல்லை வரை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியாவைப் பார்க்கலாம். அங்கே ‘ஜொன்சே’ என்றொரு முறை. வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேலான தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டுக்கு வாடகையில்லாமல் குடியிருப்பது, போகும்போது முழுத்தொகையையும் வாங்கிக்கொள்வது. மதுரை, நெல்லைப் பக்கத்தில் ஒத்தி என்றும் சென்னையில் லீஸ் என்றும் சொல்லுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த வரை எல்லாம் நன்றாக ஓடியது. ஒருவரிடம் வாங்கிய தொகையை வைத்து இன்னொரு வீடு, அதை ஒத்திக்கு விட்டு மூன்றாவது வீடு என்று வாங்கிக் குவித்தவர்கள் உருவானார்கள். 2022-இல் வட்டி ஏறி விலை சரிந்தபோது சங்கிலி அறுந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இறந்துபோன ஒருவர் பேரில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருந்தன. அவற்றில் குடியிருந்தவர்கள் தங்கள் தொகையை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கொரிய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

கொரியா எதுவும் செய்யாமல் தூங்கிய நாடு என்று நினைத்துவிடக் கூடாது. 1981-இலிருந்தே அங்கே வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குடியேறி, முகவரியைப் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்கிவிட்டால், வீடு ஏலத்துக்குப் போனாலும் பின்னால் வந்த கடன்காரர்களுக்கு முன்பாக அவருக்குப் பங்கு உண்டு. பணம் வராமலே வீட்டைவிட்டுப் போக வேண்டிய கட்டாயம் என்றால், நீதிமன்ற ஆணை பெற்றுத் தன் உரிமையை வீட்டின் பதிவேட்டிலேயே ஏற்றிவிட்டுப் போகலாம். ஆள் போன பிறகும் கடன் வீட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மீறியும் இடிந்தது என்றால், தொகை அவ்வளவு பெரிதாக ஊதியிருந்தது என்று பொருள்.

நம் ஒத்திக்கு ஒரு காலத்தில் இதைவிட உறுதியான பிடி இருந்தது. சொத்து மாற்றுச் சட்டம் சொல்லும் அனுபவ அடமானம் அது: பணம் திரும்பும் வரை வீட்டை விட மாட்டேன் என்பது கொடுத்தவரின் உரிமை. ஆனால் இரண்டு சாட்சிகளோடு பத்திரப்பதிவு செய்தால்தான் அது அடமானம். பதிவுச் செலவுக்குப் பயந்து முத்திரைத்தாளில் ‘லீஸ்’ என்று எழுதிக்கொள்கிறவர் கையில் இருப்பது பெரிய அளவு அட்வான்ஸ் மட்டுமே. இந்த ஓட்டையில் ஒரு தொழிலே நடக்கிறது. இடைத்தரகர் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுக்கிறார். அதையே இன்னொருவருக்குப் பல லட்சத்துக்கு லீஸுக்கு விடுகிறார். சில மாதம் வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறார். ஒருநாள் ஆளையே காணோம். உரிமையாளர் வந்து நீங்கள் யார் என்று கேட்கும்போதுதான் குடியிருப்பவருக்கு விஷயம் தெரிகிறது. வில்லங்கச் சான்றில் இருக்கும் பெயரும் லீஸ் பத்திரத்தில் கையெழுத்திடுகிறவரின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது இங்கே உயிர்காக்கும் சோதனை.

சாதாரண அட்வான்ஸுக்கு வருவோம். வீட்டுக்காரர் தரவில்லை என்றால் காவல் நிலையம் அநேகமாக ‘சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பும். வழக்கறிஞர் நோட்டீஸுக்குப் பலர் பணிந்துவிடுகிறார்கள், குறிப்பாக 11-ஆவது பிரிவைக் குறிப்பிட்டுக் கெடு வைத்தால். 2017 சட்டம் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகளை உண்டாக்கியிருக்கிறது. ஆனால் அந்தப் படிகளில் ஏற, எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதற்குச் சட்டம் தடை வைத்திருக்கிறது. வீடு வாடகைக்கு எடுக்கும் நாளில் இதைப் பேச வாடகைதாரருக்குக் கூச்சம், வீட்டுக்காரருக்கு வருமான வரி பற்றிய யோசனை. இருவரும் சேர்ந்து பதினோரு மாத ஒப்பந்தம் ஒன்றை எழுதிக்கொண்டு நிறுத்திவிடுகிறார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் சமரசப் பேச்சு இன்னொரு வழி, செலவும் இல்லை. வழக்குப் போடுவதானால் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது. ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’களிலேயே அது ஓடிவிடும்.

காப்புத்தொகையை ஒரு பொதுக் கணக்கில் வைக்கும் முறை தமிழ்நாட்டுக்கு வருமா? அதற்கான எலும்புக்கூடு ஏற்கனவே நிற்கிறது: பதிவாகும் ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்துக்கும் ஒரு எண் தரப்படுகிறது. அந்த எண்ணின் பேரில் வங்கியில் ஒரு வைப்பு இருப்பது தொழில்நுட்பச் சிக்கல் அல்ல. சிக்கல் வேறு. ஏற்கனவே வாங்கியதைச் செலவழித்துவிட்டவர்கள் எங்கே போவார்கள்? ஓய்வூதியத்தோடு மாடி வாடகையை நம்பி வாழும் முதியவரிடம் நாளை காலை 2 லட்சத்தைக் கொண்டுவந்து கட்டு என்று சொல்ல முடியாது. புது ஒப்பந்தங்களில் தொடங்கினாலும் வாடகை கொஞ்சம் ஏறும். ஏறட்டும் என்றே சொல்வேன். ஒளிந்திருந்த ஆயிரம் ரூபாய் வெளியே தெரியும். பேரம் பேசலாம், வரிச்சலுகைக்கும் காட்டலாம்.

அதுவரை வாடகைதாரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வைத்தியம் ஒன்றுதான்: காலி செய்வதற்கு முந்தைய சில மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது. பத்து மாத அட்வான்ஸில் ஐந்து மாதம் இப்படிக் கழிந்துவிட்டால், சிக்கக்கூடிய தொகை பாதியாகிவிடுகிறது. வீட்டுக்காரருக்கும் மொத்தமாகப் புரட்ட வேண்டிய பாரம் குறைகிறது. சொல்லப்போனால் பல வீடுகளில் அவரே இதைத்தான் விரும்புகிறார். ஒரு எச்சரிக்கை. 1996 தீர்ப்பு ஒரு மாத வரம்பு வைத்திருந்த பழைய சட்டத்தைச் சேர்ந்தது. அதை நம்பித் தானாகவே வாடகையை நிறுத்துவது ஆபத்து. புதிய சட்டத்தில் இரண்டு மாத பாக்கியும், கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் கட்டாததும் வெளியேற்றக் காரணமாகும். ஆகவே கழித்துக்கொள்ளச் சம்மதம் என்று வீட்டுக்காரர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு ‘சரிங்க’ வந்தாலும் ஆகும். ஆனால் அதை நீதிமன்றத்தில் காட்ட 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் கேட்கும், அதனால் போனை மாற்றும்போது அந்த உரையாடலை அழித்துவிடக் கூடாது. குடியேறும் அன்றே சுவர், தரை, குழாய், மீட்டர் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து அதே எண்ணுக்கு அனுப்பி வைத்திருந்தால், கடைசியில் ஆணி ஓட்டை யாருடையது என்ற விவாதமும் அந்தத் திரையிலேயே முடிந்துவிடும்.